எண்பத்தைந்து

பாறசாலை தாண்டி மூன்றாவது வளைவு,
கொடியில் ரப்பர் ஷீட் தொங்கும் வீடு.
ரோஸ்பாய் அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு
ஒரு கேசட்டை எடுத்தார்.
ஈரம் ஏறாமல் இருக்க, என்றார்.
மகளுக்கு வரும் மாதம் கல்யாணம்.
"உங்க ட்ரூப்பு இதத்தான் முதல்ல வாசிக்கணும்.
வேகம் மட்டும் தப்பீரக் கூடாது."

களியக்காவிளையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுபோன டெக்கில்
ஞானசிகாமணி தொண்ணூறில் பாடினார்.
எழுதிக்கொண்டேன்.
"இவ்வளவு அவசரம் கிடையாது. பையப் பாடுவாரு."
"இல்லக்கா, இன்னும் முறுக்கா இருக்கும்"
என்றான் ஜஸ்டஸ், அவர் மைத்துனன்,
தொடையில் தட்டியபடி,
ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு வேகத்தில்.

பதிவு செய்த ரிக்கார்டர்
மார்த்தாண்டம் சந்தையில் என்றைக்கோ விலைபோய்விட்டது.
அது சோம்பி ஓடியிருந்தால்
இங்கே பாட்டு பறக்கும்.
சாட்சி சொல்ல யாருமில்லை.

ஹெட்போனை மாட்டினேன்.
பல்லவி முடிந்து ஒரு மூச்சு.
மூச்சுக்குப் பின்னால்
டிக்,
டிக்.

நிமிர்ந்தேன்.
காலண்டருக்கு மேலே
பித்தளைப் பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது.

கேசட்டில் எண்ணினேன்: நிமிடத்துக்கு நூற்றி இருபத்தாறு.
சுவரில் எண்ணினேன்: நூற்றிப் பத்தொன்பது.
நூற்றி இருபதல்லவா அடிக்க வேண்டும்?
"நாளுக்குப் பன்னிரண்டு நிமிஷம் பிந்தும்.
மாட்டின அன்னைலேருந்து அப்படித்தான்.
நாங்க கூட்டிக்கிடுவோம்."

பிந்துவதிலாவது மாறாத ஒன்று.
தொண்ணூறைப் பத்தொன்பதால் பெருக்குவதா, நூற்றிப் பத்தொன்பதாலா
என்று ஒருமுறை தடுமாறி,
பால் கணக்கு எழுதிய தாளின் பின்பக்கம்
பெருக்கி, வகுத்து,
மிச்சமில்லாமல் வந்து நின்றது
எண்பத்தைந்து.

கீபோர்டில் வைத்து வாசித்தேன்.
ரோஸ்பாய் எதுவும் சொல்லவில்லை.
உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஆனால் இரண்டாம் சரணம்.
திருத்திப் பார்த்தாலும் தொண்ணூற்றி இரண்டு.
கடைசி இரண்டு வரி அதற்கும் மேலே.
"டேப் தீரப்போவதைப் பார்த்திருப்பார்" என்றேன்.
ஜஸ்டஸ் தலையாட்டினான்.
கேசட்டைத் தூக்கிக் காட்டினார் ரோஸ்பாய்:
பாதி கூட ஓடவில்லை.

"நைட் டூட்டி. நெய்யாற்றின்கரை டிப்போ.
எட்டே முக்கால் பஸ்சுல ஏறணும்.
பாடிக்கிட்டே அங்க பார்த்தாரு,"
பெண்டுலத்தைக் காட்டினார்,
"எட்டு முப்பத்தஞ்சு.
பன்னிரண்டு கூட்டிப் பாரும்."

பார்த்தேன்.
எட்டு நாற்பத்தேழு.

"பஸ் கிடைச்சுதா?"
"அதுவும் பிந்தித்தான் வரும்."

நோட்டேஷன் தாளின் மேல் ஓரத்தில்
85 என்று போட்டு,
பக்கத்தில், டிரம்ஸ் வாசிக்கும் வின்சிலாஸுக்குப் புரியும்படி,
சின்ன எழுத்தில் எழுதினேன்:
கடிகாரத்தைப் பார்க்கும் வரை.