கார்னிவல் முடிந்த புதன்கிழமை

மதியத்துக்கு மேல்தான் சோலெடாடேயில் கடைகள் திறக்கும்.
நான் ஒன்பதுக்கே பட்டறைக்கு வந்துவிட்டேன்.
நான்கு நாள் சும்மா கிடந்த ரம்பத்தை
கரண்ட் கொடுக்குமுன் ஒருதரம் கையால் சுற்றிப் பார்க்காவிட்டால்
எனக்குச் சோறு இறங்காது.

பெரிய ரம்பத்தின் மூடியைத் தூக்கினேன்.
டீசல் வாடை. அது சரி.
அதற்கும் அடியில் இன்னொரு வாடை,
மழை நனைத்த இரும்புக் கதவு விடுவது போல.
அது சரியில்லை.

தகட்டை மெல்லத் திருப்பினேன்.
மேல்பக்கம் மீன்வயிறு போல் பளபளப்பு.
எண்ணெய்க்குள் முங்கிக் கிடந்த கீழ்விளிம்பில்
ஒரு சாண் நீளத்துக்குத் துரு.
எண்ணெயில் கிடந்த இரும்பு துருப்பிடிக்குமா?
இருபத்திரண்டு வருஷத்தில் கேள்விப்பட்டதில்லை.

ரப்பர் குழாயை அடிவரை விட்டு
வாய் வைத்து உறிஞ்சினேன்.
வந்தது தண்ணீர்.

துப்பிவிட்டுக் கூரையைப் பார்த்தேன். ஒழுகிய தடமில்லை.
தரை காய்ந்து கிடந்தது.
பிறகுதான் பிடியில் மாட்டியிருந்த கல்லைப் பார்த்தேன்.

ரொட்டி அளவு அகேட். இரண்டாகப் பிளந்து
நடுவில் உள்ளங்கை கொள்ளும் ஒரு குழி.
குழிக்குள் படிகப் பற்கள். பற்களுக்கு மேல்
தண்ணீர் நின்ற கோடு.

நீர்க்கல்.
ஆட்டினால் உள்ளே சளக்கென்னும்.
அறுக்கவே கூடாது, முழுசாக விற்றால் நாலு மடங்கு விலை.
ஜோசெமார் வெள்ளி மாலை கடைசியாக ஏற்றிய கல் அது,
ரேடியோவில் கொட்டுச் சத்தம், காலில் ஏற்கெனவே ஆட்டம்,
காதருகே கொண்டுபோயிருக்க மாட்டான்.

கல்லுக்குப் பதிமூன்று கோடி வயது என்று
வாங்க வருகிறவர்களிடம் முதலாளி ஜனோட்டோ சொல்வார்.
தண்ணீரின் வயதை யாரும் சொன்னதில்லை.
எத்தனை காலம் உள்ளே இருந்ததோ,
வெளியே வந்ததும் பார்த்த முதல் வேலை
என் தகட்டைத் தின்றது.

ஜோசெமாரை ஏச வேண்டியதையெல்லாம்
வரிசையாக மனசில் அடுக்கிக்கொண்டே
சட்டைக்கையைச் சுருட்டித் தொட்டிக்குள் கைவிட்டேன்.

மணிக்கட்டு முங்குமுன் சேறு.
அறுத்த கல்லின் மாவு, களிபோல் இறுகி,
எண்ணெய்க்குப் பாதி இடம்கூட விடாமல்.
அந்தச் சேற்றில் தகடு தன் தடிமனுக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது.
வாய்க்காலில்தான் தண்ணீர் வந்து நின்றிருக்கிறது,
தகட்டின் விளிம்பை நனைத்துக்கொண்டு, நான்கு நாள்.
தொட்டி சுத்தமாக இருந்திருந்தால்
அந்த ஒரு டம்ளர் தண்ணீர் அடியில் பரவி
எதையும் தொடாமல் கிடந்திருக்கும்.

சுவரில் சாக்பீஸ் எழுத்து: சேறு அள்ளியது, ஜனவரி பதினெட்டு.
என் கையெழுத்து.

அள்ளினேன். எனாமல் தட்டால், பிறகு கையால்.
மூன்று வாளி. மூன்றாவதைத் தூக்கும்போது
இடுப்பு ஒரு சொல் சொன்னது.
எண்ணெயைக் கோதுமை மாவுச் சாக்கில் வடியவிட்டு
மேட் இலைக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக் குடித்தேன்.
நாக்கில் இன்னும் டீசல்.

துரு மேலோட்டம்தான், மண்ணெண்ணெய்த் துணிக்கு வந்துவிட்டது.
தகடு கோணியிருக்கிறதா என்று சாக்பீஸை நெருக்கிப் பிடித்துச் சுற்றினேன்.
கோடு சுற்று முழுக்க விழுந்தது. கோணவில்லை.
பிறகு மோட்டாரைப் போட்டு, சொரசொரப்பான செங்கல்லைக் கொடுத்தேன்.
அகேட்டை அறுத்து அறுத்து வைரம் வழுவழுத்துப் போயிருக்கும்;
செங்கல் உலோகத்தை அராவ, புது வைரம் தலைநீட்டும்.
முதல் வெட்டில் முனகியது. மூன்றாவதில் சீறியது.
நான்காவது போதும்.

ஒன்றரைக்கு ஜோசெமார் வந்தான்,
நெற்றியில் பாதிரியார் இட்ட சாம்பல் சிலுவை, பாதி வியர்வையில் கரைந்து.
வாளிகளைப் பார்த்தான். பிளந்த கல்லைப் பார்த்தான்.
“கிளெனிர் அக்கா…” என்றான்.

அடுக்கி வைத்திருந்த ஏச்சில் ஒன்றும் வாயில் வரவில்லை.
சுவரில் பழைய தேதியை அழிக்காமல்
அதற்குக் கீழே இன்றைய தேதியை எழுதினேன்.
ரேடியோவை நோக்கிப் போன அவன் கையில்
அடுத்த கல்லைக் கொடுத்தேன்.

காதில் வைத்து ஆட்டினான்.
நானும் தலையைச் சாய்த்தேன்.
தெருவில் யாரோ காகிதச் சரிகையைப் பெருக்கும் ஓசை மட்டும்.
இன்னொரு தரம் ஆட்டினான்.

“இல்லை.”
“சரி. ஏற்று.”