எழுபத்தெட்டு புள்ளி மூன்று

எழுபத்தெட்டு புள்ளி நான்கு.
விடிகாலை, பல் துலக்கும் முன்,
வளையலைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினால்
எழுபத்தெட்டு புள்ளி மூன்று.
ஒரு வாரம் வெறுங்கையோடு ஆபீஸ் போனேன்.

போன வருஷம் முழுமாதம் முட்டைக்கோஸ் சூப்.
பெரம்பூர் மார்க்கெட்டில் கோஸ் விலை ஏறியதே
உன்னால்தான் என்றார் எட்வின்.
பிறகு, சோறே தொடாத நாற்பது நாள்.
தவக்காலத்துக்கு வெளியே ஒரு தவக்காலம்,
உயிர்ப்பு ஞாயிறு இல்லாதது.
மதியம் தில்ஷாத் டப்பாவைத் திறந்தால்
புளிக்குழம்பு வாசம் பேரேட்டுக்குள் வந்துவிடும்.
ஒருவர் பாக்கியில் ஒரு சுழியைக் கூட்டி எழுதினேன்.

ஆறு கிலோ போனது.
"இளைச்சிட்டியே" என்றார்கள்,
பாதிப் பேர் வாழ்த்தாக,
பாதிப் பேர் துக்கம் விசாரிப்பதுபோல.
ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில்
பத்தொன்பதாம் படியில் கண் இருட்டி உட்கார்ந்தேன்.
கொய்யாக்காரி ஒரு பழத்தை நாலாகப் பிளந்து
உப்பு மட்டும் தொட்டுக் கொடுத்தாள்.
காசு வாங்கவில்லை.
என் வண்டி போனது. அடுத்ததும் போனது.

போன ஆறும் திரும்பி வந்தது,
கூட ஒன்றை விருந்தாளியாக அழைத்துக்கொண்டு.

ஒரு ஞாயிறு. பூசை முடிந்து
பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கையில்
ஷெரினைக் காணவில்லை.
குளியலறை வாசலில், மெஷின் மேல் நிற்கிறாள்,
கம்மல்களைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு.
கையிலிருந்தாலும் கனம் கனம்தான் என்று
இன்னும் தெரியாத வயது. பதினொன்று.
"முப்பத்தெட்டும்மா. அதிகமா?
எனக்குப் பிரியாணி வேணாம்."
கேட்டது அவள். குரல் என்னுடையது.

திங்கட்கிழமை பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டேன்.
தராசுத் தட்டில் அதை ஏற்றினார்.
ஒன்றே முக்கால் கிலோ.
"இரும்பில்லம்மா, கண்ணாடி. கண்ணாடிக்குக் காசில்ல."
யோசித்து, பத்து ரூபாய் தந்தார்.
முதன்முறையாக
அது ஏறி நின்றது, நான் முள்ளைப் பார்த்தேன்.

டாக்டர் சின்னப் பெண். மேசையில்
பாதி கடித்த வடை ஒன்று, காகிதத்தில்.
சோற்றை விடச் சொல்லவில்லை.
கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னார்,
மின்சார ரயிலில் மூன்று பேர் சீட்டில்
நாலாவது ஆளுக்கு இடம் விடுவதுபோல.
இடம் கிடைத்ததும் கோவைக்காய் வந்தது,
அவரை வந்தது, சுண்டல் வந்தது,
நான் பள்ளியிலிருந்தே வெறுத்த புடலையும்
நின்றுகொண்டே வந்து சேர்ந்தது.
"மாசம் ஒரு கிலோ போதும்.
போகலைன்னாலும் நடங்க" என்றார்.

நடக்கிறோம், நானும் தில்ஷாதும்,
மேம்பாலத்தடியில், ஆறு மணிக்கு.
வாட்ச் பத்தாயிரம் அடி கேட்கிறது.
நாங்கள் மாமியார் கதை முடியும்வரை நடக்கிறோம்,
அது பெரும்பாலும் அதிகமாகவே வருகிறது.
மழை பெய்தால் தண்ணீர் முழங்கால் தொடும்,
அன்றைக்கு லீவு. குற்றமில்லை.
இரவு பத்தரைக்கு எடுத்து வைத்துவிடுகிறேன் போனை,
தூக்கமும் ஒரு வேளைச் சாப்பாடுதான் என்று
கொஞ்சம் தாமதமாகப் புரிந்தவள்.

எவ்வளவு குறைந்தாய் என்கிறார்கள்.
தெரியாது.
பாவாடை நாடா நாலு விரற்கடை நீளமாய்த் தொங்குகிறது.
பத்தொன்பதாம் படியில்
பேசிக்கொண்டே ஏறியதில் எண்ண மறந்துபோனேன்.
கொய்யாக்காரிக்குப் பழைய பாக்கியும் சேர்த்துக் கொடுத்தேன்,
என்ன பாக்கி என்கிறாள்.

நேற்று மறுபடி ஞாயிறு.
இரண்டாவது கரண்டி நானே போட்டுக்கொண்டேன்.
மூன்றாவது வேண்டியிருக்கவில்லை,
கடவுளுக்குப் பயந்து அல்ல.
எதிரே ஷெரின்
நல்லி எலும்பைத் தட்டில் தட்டுகிறாள்,
டக், டக்,
உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது என்று.