ஏழு ஜோடிக் காலுறை

பையை நீங்கள் தூக்காதீர்கள், எரிபெர்த்தோ.
அவன்தான் தூக்க வேண்டுமாம்.
எனக்கும் இதே பள்ளி வாசலில்தான் சொன்னாள்
அந்த ஹிமேனா.
பல் மருத்துவம் படிக்கிறாள், இருபத்திரண்டு வயது,
கழுத்தில் மஞ்சள் துண்டு, முழங்காலில் சேறு.
அவளிடம் மகனைக் கொடுத்துவிட்டு
வல்டிவியா ஆற்றங்கரைச் சந்தைக்குப் போய்
மீன் வெட்டினேன்.
அன்று கடல்சிங்கங்களுக்கு நல்ல காலம்.
குடலென்று நினைத்துப்
பாதி மீனை வீசியிருக்கிறேன்.

சனிக்கிழமை இனி உங்களுடையது அல்ல.
சந்தா கொஞ்சம்தான்,
கரண்டிதான் செலவு.
முகாமுக்கு ஒன்றாய்க் காட்டுக்குப் போய்
காட்டிலேயே தங்கிவிடும்.

எதைத் தொட்டாலும் முடிச்சு.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில், நாற்காலிக் காலில்,
ஒருமுறை நாயின் வாலில்.
அவசரத்துக்கு ஒன்றை மீன்கத்தியால் அறுத்தேன்.
பல்தசார் அழவில்லை.
அறுந்த இரண்டு முனையையும் எடுத்து
வேறொரு முடிச்சால் சேர்த்தான்.
அதன் பெயரைக் கேட்டேன், சொன்னான்,
மறந்துவிட்டேன்.

முதல் முகாம் மூன்று இரவு. அக்டோபர் மழை.
ஏழு ஜோடிக் காலுறை வைத்தேன்,
ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் பையில்.
வீட்டில், பழக்கதோஷம்,
இரண்டு முட்டை வேகவைத்துவிட்டேன்.
தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கியதும்
என்ன நினைத்தேனோ,
கொல்லையில் போய் நின்றேன்,
ஒரு பிள்ளை எவ்வளவு நனையும் என்று பார்க்க.
நன்றாகவே நனையும்.

போன் செய்யக் கூடாது என்பது விதி.
பெற்ற மனம் விதி கேட்குமா, செய்தேன்.
அந்தக் காட்டில் சிக்னலே கிடையாது என்று
அவள் முன்பே சொல்லியிருந்தாள்தான்.

வந்தான்.
வாசலுக்கு முன்னால் புகை வாடை வந்தது.
பையில் ஆறு பொட்டலம் பிரிக்காமல்.
ஏழாவது எங்கே?
"மிலென்கோவுக்குக் கொடுத்தேன். அவனிடம் இல்லை."
நீ?
"போட்டதையே போட்டிருந்தேன்."
நான்கு நாள், எரிபெர்த்தோ!
அந்தக் காலுறையை அடுப்பில் போட்டேன்.
அடுப்பே யோசித்தது.

குளிக்கும்போது ஒரு பாட்டு முணுமுணுப்பான்.
நான் கதவருகே வந்தால் நிறுத்திவிடுவான்.
அவர்களுக்குள் மட்டுமாம்.
பிறந்ததிலிருந்து அவனிடம் நான் அறியாதது
ஒரு மச்சம்கூட இல்லை,
இப்போது ஒரு பாட்டு.

அதோ பாருங்கள், உங்கள் பையன் சாய்கிறான்.
பை பெரிதுதான்.
வேண்டாம், நில்லுங்கள்.
கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.
மூன்று வருடமாக
நான் அப்படித்தான் நிற்கிறேன்.