417

விதி எளிது.
001 என்ற நம்பர் பிளேட்டைப் பார்த்த பிறகுதான்
002ஐத் தேடலாம்.
003 எதிரில் வந்து ஹாரன் அடித்தாலும்
002 வரும்வரை அது நமக்குக் கிடையாது.
எழுத்துகள் கணக்கில் இல்லை.
போட்டோ செல்லாது. அடுத்தவர் கண்ணும் செல்லாது.

விர்த்சு துறையிலிருந்து குய்வாஸ்து துறைக்கு
கப்பலில் இருபத்தேழு நிமிடம்.
ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு நான்
டப்பாவில் கிலு மீன் அடுக்குவதுபோல்
கார்களை அடுக்குகிறேன்.
வா, வா, இன்னும் கொஞ்சம், போதும்.
பம்பருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்.
வேலைக்காகத்தான் குனிகிறேன் என்று
எல்லோரும் நினைக்கிறார்கள்.

நாலரை ஆண்டில் 416 வரை வந்திருக்கிறேன்.
088 ஒரு கல்யாணக் காரில், ரிப்பன் பாதி மறைக்க.
203 கால்நடை மருத்துவருடையது,
பின்சீட்டில் ஒரு கன்றுக்குட்டி வாந்தியெடுத்திருந்தது.
311க்காக லீவு போட்டு, பஸ் பிடித்து,
தார்த்து நகரத்து சூப்பர்மார்க்கெட் வாசலில்
நாள் முழுக்க நனைந்தேன்.
ஊர் திரும்பி இறங்கிய பிறகு பார்த்தால்
பஸ்ஸின் முதுகில் 311.
மூன்று மணி நேரம் அதற்குள்ளேயே உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

என்ன லாபம் என்று கேட்டார் முன்னாள் கணவர்.
லாபம் இல்லை.
ஆனால் தகட்டை உற்றுப் பார்த்தால் மாதம் தெரியும்:
மே என்றால் கொசு,
ஜூலையில் தும்பியின் ஒற்றைச் சிறகு,
ஒரு அக்டோபரில் மான்மயிர்.
அந்த ஓட்டுநர் கடைசிவரை இறங்கவே இல்லை.
காபி வேண்டுமா என்று கண்ணாடியைத் தட்டிக் கேட்டேன்.

417 பதினோரு வாரமாக வரவில்லை.
பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போன நாட்களிலும் வரவில்லை,
உடைக்க ஒன்றுமில்லாத நாட்களிலும் வரவில்லை.
418 இரண்டு முறை வந்தது.
கடன் கொடுத்தவரைக் கண்டதுபோல்
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏப்ரல் ஒன்பது, காலை ஆறு மணிக் கப்பல்.
மூன்றாம் வரிசையில், பால் லாரிக்குப் பின்னால்,
சரிவில் நடந்து ஏறியது ஓர் அன்னம்.
வம்போலா பழக்கதோஷத்தில் கைகாட்டினார்:
வா, வா.
வந்தது.
கழுத்தில் நீலப் பட்டை. ஏதோ ஓர் எழுத்து, பிறகு
417.

நான் சொன்னேன்: இது வண்டி இல்லை.
வம்போலா சொன்னார்: சொந்த எஞ்சின்.
கோடையில் முதுகில் நான்கு குஞ்சுகளை ஏற்றும்.
பதிவு செய்த ஆபீஸ் இருக்கிறது.
வண்டிக்கு வேறென்ன வேண்டும்?
கேன்டீன் ஜன்னலிலிருந்து லெய்லி: சக்கரம்.
அப்படியானால் இந்தக் கப்பலும் வண்டி இல்லை, என்றார் வம்போலா.

அன்னம் எங்களைக் கவனிக்கவில்லை.
லாரிக் குழாயிலிருந்து சொட்டிய பாலும்
ராத்திரி மழையும் கலந்து கிடந்த குட்டையில்
அலகை நனைத்தது.
எதைக் குடித்தது, எதை விட்டது,
தெரியவில்லை.
பின்னால் ஹாரன்கள்.
அது அவசரப்படாமல் திரும்பி, சரிவில் இறங்கி,
நீரின்மேல் தப்தப்பென்று வெகுதூரம் ஓடி,
இனி எழாது என்று நினைத்தபோது
எழுந்தது.

நான்கு நிமிடத் தாமதம்.
கேப்டன் பதிவேட்டில் எழுதினார்:
'வாகனம் வழிமறித்தது.'

நான் பென்சிலால் எழுதினேன், அழிக்க வசதியாக.
பறவைகளுக்குப் பட்டை போடும் ஆபீசுக்கும் எழுதினேன்.
பதில் வந்தது: பெண் பறவை,
லாட்வியாவில் லீபாயா ஏரிக்கரையில் பட்டை கட்டியது,
ஐந்து குளிர்காலத்துக்கு முன்.
எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது பார்த்தீர்கள்?
யோசித்து எழுதினேன்:
கப்பலுக்குக் காத்திருந்தபோது.

மறுநாள் முதலில் ஏறிய ரொட்டி வேனே 418.
இவ்வளவு சீக்கிரமா என்று
கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

419 இன்னும் வரவில்லை.
கப்பல் திரும்பும்போது கரையோரக் கோரைக்குள்
அன்னங்களின் கழுத்தையும் பார்க்கிறேன் இப்போது.
419க்காக இல்லை.
சும்மாதான்.