தண்ணீர் விடும் நாள்

ஒருநாள் விட்டு ஒருநாள்
விடியற்காலை நாலே முக்காலுக்குப்
பள்ளத்தூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர்.
அதற்கு முன்னால் குழாயில் காற்று வரும்,
தொண்டையைச் செருமிக்கொண்டு.
அந்தச் செருமலுக்கு எழுந்துகொள்ள
எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

யாசுயோ என் பெயர்.
கேஸ் புத்தகத்தில் யசோதா.
திருத்தப் போகவில்லை,
யசோதாவுக்கு சிலிண்டர் ஒழுங்காக வந்துவிடுகிறது.

குடியிருப்பது ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில்.
முன்வாசல் சாவி கோலாலம்பூரில்,
பெட்டகசாலைச் சாவி கோயம்புத்தூரில்,
என்னிடம் இருப்பது கொல்லைப்புறத்துடையது.
வாடகை நாலாயிரத்து எண்ணூற்று நாற்பது
பதினோரு பங்காளிகளுக்குப் பிரிகிறது,
தலைக்கு நானூற்று நாற்பது.
அதில் ஒருவர் மட்டும் மாதாமாதம்
'பெற்றுக்கொண்டேன்' என்று செய்தி அனுப்புவார்,
கூடவே ஒரு ரோஜாப் படம்.

தையல் மெஷின் கையேடுகளை
என் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவது பிழைப்பு.
'ஊசியின் தட்டைப் பக்கம் பின்னால் இருக்கட்டும்.'
இதையே நாற்பது விதமாக எழுதியிருக்கிறேன்.
கரண்ட் போனால் எழுதுவதில்லை.
செவ்வாய்க்கிழமை பராமரிப்பு என்று
மின்வாரியம் அறிவித்தால்
உள்ளே பள்ளிக்கூட மணி அடிக்கும்.
குடையை எடுத்துக்கொண்டு ஊரணிக்கரைக்குப் போவேன்.
ஒரு நீர்க்கோழி அல்லியிலைமேல்
யாரோ கூப்பிட்டதுபோல் விரைந்து நடந்து,
இல்லையென்று திரும்பும்.
அரை மணி நேரம் அதுதான் வேலை,
அதற்கும் எனக்கும்.

ஏன் இங்கே வந்தீங்க?
கேட்காத ஆளில்லை.
மளிகைக்கடை சேவுகனிடம் சொன்னேன்: வெயில் பிடிக்கும்.
பொய்.
பஸ் கண்டக்டரிடம்: இறங்கவேண்டிய இடத்தை விட்டுட்டேன்.
அவர் பதறிப்போய் விசிலை வாயில் வைத்துவிட்டார்.
வங்கியில் எழுத்தில் கேட்டார்கள்.
'சொந்தக் காரணம்' என்று நிரப்பினேன்.
தெரிந்தவர் யாராவது இருந்தால்
நானும் கேட்டுக்கொள்வேன்.

ர, ல, ள, ழ நாலும் என் வாயில்
ஒரே அறையில் குடித்தனம்.
வெல்லம் கேட்டால் சேவுகன்
ஒரு கணம் வெளியே வானத்தைப் பார்ப்பார்,
பிறகு அரைக்கிலோ நிறுப்பார்.

கவுனி அரிசியில் உப்புப் போட்டு
உருண்டை பிடித்தேன், நடுவில் ஊறுகாய் வைத்து.
எதிர்வீட்டு உமையாள் எட்டிப் பார்த்து
'சர்க்கரையும் தேங்காயுமா இருக்க வேண்டியது,
அதுக்கு ஏன் இந்தத் தண்டனை?' என்றாள்.
இரண்டு தின்றாள்.
மூன்றாவதை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்,
மகனுக்காம்.

போன மாசியில்
சுவரிலிருந்து ஒரு பூப்போட்ட டைல் பெயர்ந்து விழுந்தது.
உடையவில்லை.
முதுகில் என் நாட்டின் பெயர், மேடாக, ஆங்கில எழுத்தில்.
ஒட்ட வந்த கொத்தனார் அடைக்கலம்
டைலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.
'இவரு வந்து நூறு வருசம் இருக்கும்.
ஏன் வந்தேன்னு ஒருத்தரும் கேக்கலையே.'
சிமெண்ட் குழைத்தார்.
கொஞ்சம் கோணலாக ஒட்டிவிட்டுப் போனார்.
பல் தேய்க்கும்போது
அந்தக் கோணலுக்குத் தக்கபடி
தலையைச் சாய்த்துக்கொள்கிறேன்.

முதல் வருடம் முழுக்க
தண்ணீர் வந்தால் உமையாள்தான் என் கதவைத் தட்டுவாள்,
ஊரைவிட்டு ஓடச் சொல்கிறவள்போல.
இன்று எனக்கு முன்னதாகவே விழிப்பு.
குழாய் செருமுகிறது.
தெருவில் யாருமில்லை,
மதில்மேல் ஒரு மயில், இன்னும் தூக்கம் கலையாமல்.
கடந்து போய் அவள் கதவைத் தட்டி
'தண்ணி!' என்றேன்.
மூன்று சுழியா, இரண்டு சுழியா,
எது வெளியே வந்ததோ.
உள்ளே விளக்கு எரிந்தது.
மூன்றாவது வீட்டில் ஒரு வாளி உருண்டது.
தெருக்கோடியில் யாரோ யாரையோ எழுப்பினார்கள்.

திரும்பி வந்து குடத்தை வைத்துவிட்டேன்.
நிரம்பிக்கொண்டிருக்கிறது.
மூடியைத்தான் காணோம்.