கிடைவாட்டுச் சுருள்

எங்கள் ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறுகளையெல்லாம் தெருவுக்கடியில் குழாயில் அடைத்துவிட்டார்கள்
நெசவாலைக்காரர்கள்.
வூட்ஜ். படகு மட்டும் மிச்சம்.

ஆலையின் விலைப்பட்டியலுக்கு நான் கவுன்களைப் படமெடுத்தேன்.
கோடைக்கு வரும் பூப்போட்ட பருத்தியைப்
பிப்ரவரியில், பூங்காவில், வெறுங்கையோடு நிற்கும் பெண்கள்மேல்.
மூச்சுப் புகை படத்தில் விழாதிருக்க
வாயில் பனிக்கட்டி அடக்கிக்கொள்வார்கள்.
சிரி என்பேன்.
கட்டியை விழுங்கிவிட்டுச் சிரிப்பார்கள்.

சுருளுக்குப் பஞ்சம் அப்போது.
ஸ்டூடியோவில் கேமரா உதவியாளன் செனோன்
ஷூட்டிங்கில் மீந்த துண்டுகளைத்
தகர டப்பாவில், கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவருவான்.
பன்னிரண்டு மீட்டர் என்றால் எனக்கு ஏழு ரோல் தேறும்.
விலை, அவன் காதலியின் முகப்படம்.
நான்கு வருடத்தில் ஆறு முகம்.
ஆறு பேரையும் அதே ஜன்னல், அதே நாற்காலி.
நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை, நானும்தான்.

ஒரே சுருள்.
அவர்களிடம் அது தலைகுப்புற விழுந்து ஓடும்,
நொடிக்கு இருபத்துநான்கு.
என்னிடம் படுத்துக்கொள்ளும்.
அவர்களுடைய இரண்டு கட்டத்தின் இடத்தில்
என்னுடையது ஒன்று, கால் நீட்டி.
என் கட்டைவிரல் தள்ளினால்தான் அடுத்தது.

ஒரு நவம்பரில் செனோன் வேறொன்று கேட்டான்:
நாயகன் வீட்டுச் சுவரில் மாட்ட
இறந்துபோன மனைவி ஒருத்தி.
நடிகை இல்லையா என்றேன்.
சாவதற்குப் பட்ஜெட் இல்லை என்றான்.

நூற்புப் பிரிவிலிருந்து போகுமிவா வந்தாள்,
ஷிஃப்ட் முடிந்த கையோடு,
இடது புருவத்தில் பஞ்சு.
துடைக்கப் போன கையை
ஏனோ இழுத்துக்கொண்டேன்.

"எப்படிச் செத்தேன்?"

திரைக்கதையில் எழுதவில்லை.

"அப்படியானால் ரயிலில்," என்று
அவளே தீர்மானித்து
ஜன்னல் பக்கம் திரும்பினாள்,
இறங்கவேண்டிய ஸ்டேஷன்
இப்போதுதான் கடந்துபோனதுபோல்.

ஒரு கட்டம். அதற்குமேல் எடுக்கவில்லை.

தியேட்டரில் எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் இருந்தாள்.
நாயகன் குடிக்கிறான். கண்ணாடியில் மழை.
அவன் தோளுக்குப் பின்னால் அவள், நான்கு நொடி.
நான் ஒருமுறை அழுத்தியதைத்
தொண்ணூற்றாறு முறை எடுத்திருக்கிறார்கள்.
எல்லாம் ஓடும் இடத்தில் அவள் ஓடவில்லை.
அம்மா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு
மகளின் முழங்கையைக் கிள்ளிப் பார்த்தாள், வலிக்கும்படி.

அந்த வாரம் டிராமில் யாரோ எழுந்து
அவளுக்கு இடம் கொடுத்தார்களாம்,
காரணம் தெரியாமல், கொஞ்சம் சங்கடத்தோடு.

பத்திரிகையில் ஒருவர் எழுதினார்:
மனைவியின் புருவத்தில் உருகாத பனி,
இயக்குநரின் மகத்தான குறியீடு.
வெட்டி இருட்டறைக் கதவில் ஒட்டினேன்.

சட்டகம் ஸ்டூடியோ கிடங்குக்குப் போயிற்று.
பிறகு வந்த படங்களில்
அவள் ஒரு மருத்துவரின் தங்கை,
போரில் காணாமல்போன தந்தி ஊழியை,
ஒருமுறை வீடு காலிசெய்யும் வண்டியில்
அடுக்கிய பாத்திரங்களுக்குமேல் தலைகீழாக.
அதற்கெல்லாம் எனக்கு யாரும் காசு தரவில்லை.

இப்போதும் பின்னிரவில் தொலைபேசி அடிக்கும்.
இரண்டு முட்டியும் மாற்றிக்கொண்டவள்,
மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.

"ஹால்ஷ்கா, டிவியைப் போடு, சீக்கிரம்,
இன்னும் சாகவில்லை,
இப்போதுதான் பாட்டிலைத் திறக்கிறான்."