வெள்ளைத் தாளின் எடை

ஏழாம் வகுப்பு, இரண்டு பேருந்துகள்.
பேரீச்சந் தோப்புகள் தாண்டி
சால்ட்டன் கடலோரம் இறக்கிவிட்டார்கள்.
கடல் என்பது பெயருக்கு. ஏரிதான்,
அதுவும் வருடாவருடம் பின்வாங்குகிற ஏரி.
மணலென்று மிதித்தால்
காலடியில் நொறுங்குவது மீன்முள்.
மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள்
வெளியூர் ஆசிரியர்கள் மட்டும்.
எங்களுக்கு அது தெற்குக் காற்று, அவ்வளவே.

சூழலியல் வேலைகள், அறிமுக நாள் என்றது பதாகை.
கீழே ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்தார்கள்.
ஓர் எழுத்தின் தலையில் அலைக்கோடு விட்டுப்போய்
'ஆண்டு' என்ற சொல்
வகுப்பில் சொல்லக்கூடாத சொல்லாகிவிட்டது.
உலிசெஸ்தான் முதலில் பார்த்தான்.
மதியச் சாப்பாடு வரை சிரித்தோம்.

ஓஃபேலியா பாராகான் என்றொருத்தி,
பூட்ஸ் முழுக்கப் புழுதி,
எங்களைக் குழந்தைகளாக்காத குரல்.
வட்டமாய் ஒரு வெள்ளைத் தாள் காட்டினாள்.
"இதை நிறுப்போம். ஒரு நாள் முழுக்கக்
காற்றைக் குடிக்க விடுவோம். மறுபடி நிறுப்போம்.
கூடிய எடை நீங்கள் சுவாசித்தது.
இதுதான் என் வேலை."
இதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்டது நான்.
தொகையைச் சொன்னாள்.
அப்பாவின் திராட்சைப் பருவங்களால்
மனசுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டு
வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு பிப்ரவரி மாதத்தைக் கையில் கொடுத்தாள்.
எங்கள் ஊர்க் காற்று, நாள்வாரியாக.
என்னிடமும் ஒரு பிப்ரவரி இருந்தது.
டயர்க் கடை கொடுத்த நாட்காட்டியில்
தம்பி எலியாசர் இன்ஹேலர் கேட்ட இரவுகளுக்குப்
பென்சிலால் ஒவ்வொரு புள்ளி.
மருத்துவமனையில் அம்மாவின் ஆங்கிலம் நான்தான்,
அதற்காக வைத்த கணக்கு.
கைப்பேசியில் படம் இருந்தது. நீட்டினேன்.

பதினோரு புள்ளிகள். ஒன்பது பொருந்தின.
நானாயிருந்தால் அதோடு விட்டிருப்பேன்.
அவள் விரல் மற்ற இரண்டில் நின்றது.
"இந்த இரவுகளில் காற்று சுத்தம் என்கிறது என் கருவி.
என்ன நடந்தது?"

பெரியவர்கள் கேள்வி கேட்டால்
பதில் அவர்கள் பையிலேயே இருக்கும்.
இவள் தெரியாமல் கேட்டாள்.

பத்தொன்பது, இருபது. யோசித்தேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ
லாரியில் கொண்டுவந்து கொட்டி எரித்தது,
மெத்தைகள், குழாய்கள், என்னென்னவோ.
புகை எங்கள் டிரெய்லர் வரிசையிலேயே படுத்துவிட்டது.
உங்கள் கருவி இருக்கும் தீயணைப்பு நிலையம் வரை
அது நடக்கவில்லை, என்றேன்.
எழுதிக்கொண்டாள். என் பெயரையும்,
நெரெய்டா, எழுத்தெழுத்தாய்க் கேட்டு.

திரும்பும் வழியில் ஒரு படிவம்:
என்னவாக விருப்பம்?
அலைக்கோடு போடுகிறவன் என்று எழுதினான் உலிசெஸ்.
நான் வெறுமனே மடித்துக் கொடுத்தேன்.

இரவு காபி வடிகட்டும் தாள் ஒன்றை
ஜன்னல் கம்பியில் துணிக்கிளிப்பால் மாட்டினேன்.
எதற்கு என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான் எலியாசர்.

காலையில் பழுப்பு.
எவ்வளவு பழுப்பு என்பதுதான்
தெரியவில்லை.